தொழுவத்தில் கட்டிய சைக்கிள்

பெங்களூரிலிருந்து வந்த ஆம்னி பஸ் திருத்துறைப்பூண்டியில் என்னை இறக்கிவிட்டபோது, என் புது சைக்கிள் டிக்கிக்குள் இரண்டு மூட்டைக்கும் ஒரு தையல் மெஷினுக்கும் நடுவே மல்லாந்து கிடந்தது. கிளீனர் அதை வெளியே இழுத்து நிறுத்தி, ஒரு சுற்று சுற்றிப் பார்த்துவிட்டு, "பாதி சாமானைக் காணும் போலருக்கேம்மா, உள்ள தேடட்டுமா?" என்றார். கேலி இல்லை, நிஜமான அக்கறை. ஸ்டாண்டு இல்லை, கேரியர் இல்லை, மட்கார்டு இல்லை, செயின் கவர் இல்லை, மணி இல்லை. எல்லாம் இருக்கிறது, இவ்வளவுதான் சைக்கிளே என்று சொன்னேன். அவர் நம்பவில்லை. டிக்கிக்குள் டார்ச் அடித்து ஒரு முறை பார்த்த பிறகுதான் கதவைச் சாத்தினார்.

சைக்ளோகிராஸ் என்றால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு பதில் தயாராக வைத்திருந்தேன். ரேஸ் சைக்கிளுக்கும் மலையேறும் சைக்கிளுக்கும் பிறந்த பிள்ளை இது. அப்பனைப் போல ஒல்லி, ஆத்தாளைப் போல அழுத்தம். சேற்றிலும் புல்லிலும் மணலிலும் வட்டமடித்து ஓட்டுவார்கள். வழியில் வேண்டுமென்றே பலகை நட்டு வைத்திருப்பார்கள். அங்கே வேகம் குறையாமல் குதித்து இறங்கி, சைக்கிளைத் தோளில் மாட்டிக்கொண்டு ஓடி, தாண்டிய கையோடு மறுபடி ஏறிக்கொள்ள வேண்டும். வேடிக்கை பார்க்க வரும் வெள்ளைக்காரர்கள் ஆளுக்கொரு மாட்டுமணியைக் கையில் வைத்துக்கொண்டு ஆட்டுவார்கள். ஏன் மாட்டுமணி என்று எந்த வீடியோவிலும் சொல்லவில்லை. ஆபீஸ் மீட்டிங்கில் கேமராவை அணைத்துவிட்டு மூன்று வருஷமாக நான் பார்த்து வந்தது இதைத்தான். பலகை நடுவதற்கெல்லாம் எங்கள் ஊரில் அவசியமே இல்லை என்பது முதல் வீடியோவிலேயே தெரிந்துவிட்டது. கடவுள் ஏற்கெனவே வாய்க்கால் வெட்டி வைத்திருக்கிறார்.

அப்பாவிடம் அந்தப் பதிலை அப்படியே ஒப்பித்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "சேத்துல ஓடுறதுக்கா?" என்றார். ஆமாம் என்றேன். "அதுக்குத்தான் டிராக்டருக்கு இரும்புக் கேஜ்வீல் மாட்டுறோம்" என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டார். அம்மாவின் விமர்சனம் அதைவிடச் சுருக்கம். வளைந்து தொங்கும் ஹேண்டில்பாரைத் தொட்டுப் பார்த்து, கெடாக்கொம்பு மாதிரி இருக்கிறது, வாசலில் விடாதே, யாராவது அறுத்துவிடப் போகிறார்கள் என்றாள்.

அன்று சாயங்காலமே கிளம்பினேன். அதற்கு முன் நான் சொந்தமாக ஓட்டிய ஒரே சைக்கிள், பள்ளிக்கூடத்தில் அரசாங்கம் இலவசமாகக் கொடுத்தது. அது ஒரு நல்ல ஆத்மா. பிரேக் பிடித்தால், "பிடிக்கச் சொன்னீங்களா, சரி, யோசிக்கிறேன்" என்று அடுத்த தெரு வரை போய் நிற்கும். அந்தப் பழக்கத்தில் இதன் பிரேக்கை முழுக் கையால் பிடித்தேன். சைக்கிள் நின்ற இடத்திலேயே நின்றது, நான் மட்டும் போய்க்கொண்டிருந்தேன். முதல் பாடம்: இரண்டு விரல் போதும். இரண்டாவது பாடம்: சீட்டில் உட்கார்ந்தால் காலுக்கும் தரைக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. நிற்க வேண்டுமானால் இறங்க வேண்டும், அல்லது ஒரு மின்கம்பத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும். எங்கள் தெருவில் நாலு மின்கம்பம். நாலையும் கட்டிக்கொண்டேன்.

தெருவைத் தாண்டி ஆற்றங்கரை மண்சாலையில் ஏறியதும்தான் அது தன் முகத்தைக் காட்டியது. அரசாங்க சைக்கிளில் அந்தச் சாலையில் போனால் ஒவ்வொரு பள்ளமும் முதுகெலும்பு வழியாக ஏறி வந்து பல்லில் தட்டும். இதில் பள்ளம் இருக்கிறது என்று கைக்கு ஒரு தகவல் வருகிறது, அவ்வளவுதான். டயர் இரண்டு விரல் அகலம்தான், ஆனால் மேலே பொட்டுப் பொட்டாக ரப்பர் பல். மண்ணைக் கவ்விக் கவ்விப் போகும் சத்தம் மாடு புல் மேய்வதைப் போல இருந்தது. அழுத்தினால் போகிறது. இதை எப்படிச் சொல்வது? நான் அழுத்தியது எங்கும் வீணாகவில்லை. ஆபீஸில் ஒரு வருஷம் அழுத்தியும் இப்படி ஒரு அடிகூட நான் நகர்ந்ததில்லை.

திரும்பி வரும்போது ஆடிக்காற்று எதிரே வந்தது. ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும் என்பார்கள். நான் பறக்கவில்லை, நின்றுவிட்டேன். பின்னால் பதினொரு பல்சக்கரம் இருப்பது அப்போதுதான் ஞாபகம் வந்தது. ஒவ்வொன்றாகத் தட்டி இறக்கினேன். கடைசிச் சக்கரத்தில் கால் காற்றாடி மாதிரி சுற்ற, சைக்கிள் நத்தை மாதிரி நகர, என் பக்கத்தில் நடந்து வந்த ஒருவர் கொஞ்ச தூரம் எனக்குத் துணையாக வந்துவிட்டு, பிறகு முந்திப் போனார்.

தோளில் தூக்கிப் பார்க்காமல் வீட்டுக்குப் போகக் கூடாது என்று பிடிவாதம். வாய்க்காலைத் தாண்டத் தென்னமரத்தைக் கிடத்திப் போட்ட பாலம் ஒன்று உண்டு. வீடியோவில் பார்த்தபடி காலைத் தூக்கி, குதித்து, சைக்கிளை அள்ளித் தோளில் மாட்டினேன். பூனைக்குட்டி கனம்தான். பாலத்தில் நாலு அடி வைப்பதற்குள் அக்கரையில் ஒரு மொபெட் நின்றது. "பஞ்சரா பாப்பா?" இல்லீங்க, சும்மாதான் தூக்குகிறேன் என்றேன். அவர் முகம் மாறியது. சைக்கிளைச் சும்மா தூக்குகிற பெண்ணை நடுவழியில் விட்டுப் போக அவருக்கு மனசு வரவில்லை. அடுத்து வந்தவர், டயரை அமுக்கிப் பார்த்து, காற்று கம்மியாக இருக்கிறது என்று கண்டுபிடித்தார். கம்மியாகத்தான் வைக்க வேண்டும், அப்போதுதான் சேற்றில் பிடிக்கும் என்று விளக்கினேன். ஐந்து நிமிஷத்தில் அங்கே மூன்று மொபெட், ஒரு அவசர ஆலோசனை. பஞ்சர் கடைவரை கொண்டு விடுவதாக முடிவாயிற்று. என்னைக் கேட்கவில்லை. கடைசியில், ஆமாம் பஞ்சர்தான், வீடு பக்கத்தில்தான் என்று பொய் சொன்ன பிறகுதான் வழி கிடைத்தது. ஏறி ஓட்டினால் பொய் தெரிந்துவிடும் என்பதால் வீடுவரை தள்ளிக்கொண்டே போனேன்.

இந்த அளவில் நின்றிருந்தால் இது ஒரு சந்தோஷமான கட்டுரை.

எங்கள் வயலைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். ஒன்பது மா, அதாவது மூன்று ஏக்கர். கடைமடை. ஆற்றுத்தண்ணீர் ஊரையெல்லாம் நனைத்து, மிச்சம் மீதி இருந்தால் எங்களை விசாரிக்க வரும். அதுவும் நேராக வராது. வாய்க்காலுக்கும் எங்கள் வயலுக்கும் நடுவே இன்னொருவர் வயல் இருக்கிறது. வாய்க்காலிலிருந்து அந்த வயலுக்குப் பாய்ந்து, அங்கிருந்து ஒரு மடை வழியாக எங்களுக்கு இறங்க வேண்டும். அந்த மடையைத் திறப்பதும் அடைப்பதும் அந்த வயல்காரர் கையில். வயல்காரர் ஒரு பெண். சொந்தமில்லை, ஆனால் நான் அத்தை என்றுதான் கூப்பிடுவேன், அவர் அப்பாவை அண்ணே என்பார். கணவர் கல்ஃபில் இருக்கிறார். நடவு, உரம், அறுப்பு எல்லாம் அத்தை ராஜ்ஜியம். அவர் வாய்க்கு ஊரில் மறுவாய் கிடையாது. ஆனால் இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட எங்களுக்குத் தண்ணீர் இல்லை என்று மடையை அடைத்ததில்லை.

மறுநாள் சனிக்கிழமை காலையில் அத்தை தன் வயலுக்கு மேலுரம் போட்டிருக்கிறார். யூரியாவோடு வேப்பம்புண்ணாக்கைக் கலந்து ராத்திரி முழுக்க வைத்து, காலையில் தெளித்து, அளவாகத் தண்ணீர் கட்டியிருக்கிறார். உரம் போட்ட தண்ணீர் இரண்டு நாள் அசையாமல் நிற்க வேண்டும். அதற்காகவே எங்கள் வயலுக்கும் அவர் வயலுக்கும் நடுவே இருக்கிற வரப்பைச் செதுக்கி, சேறு குழைத்துப் பூசி, கையாலேயே மெழுகி விட்டிருக்கிறார்.

இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. சனிக்கிழமை சாயங்காலம் எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: உலகத்திலேயே அழகான சைக்கிள் பாதை ஒன்று எங்கள் வயலோரத்தில் இருக்கிறது. வழவழவென்று, ஒரு புல் இல்லாமல், இரண்டு பக்கமும் இருபது நாள் குறுவைப் பயிர் காற்றில் சாய்ந்து கொடுக்க, வெயில் பட்டு மினுங்கிக்கொண்டு. பெல்ஜியத்தில்கூட இப்படி ஒரு பாதை இருக்காது. நான் பெல்ஜியம் போனதில்லை என்பது வேறு விஷயம். போனை ஒரு குச்சியில் கட்டி நட்டுவிட்டு, மூன்று முறை ஓட்டினேன். டயர் வெண்ணெயில் கத்தி போல இறங்கி இறங்கிப் போனது. மூன்றாவது சுற்றில் பின்சக்கரம் வழுக்கியதை நான் சமாளித்த விதம் இருக்கிறதே, அதற்காகவே பாட்டு சேர்த்து வாட்ஸப்பில் ஸ்டேட்டஸ் போட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை அத்தை வந்தார். காலில் சேறு, கையில் போன். அப்பா பல் துலக்கிக்கொண்டிருந்தார்.

"அண்ணே, தண்ணி வேணும்னா கேட்டிருக்கலாம்ல" என்றார்.

அப்பாவுக்குப் புரியவில்லை. அத்தை சத்தம் போடவில்லை, அதுதான் பயமாக இருந்தது. ராத்திரியோடு ராத்திரியாகத் தன் வயல் தண்ணீர் முழுக்க எங்கள் வயலுக்கு இறங்கிவிட்டது, யூரியாவோடு சேர்த்து, என்று சொன்னார். பிறகு போனை நீட்டினார். அதில் நான், பல்லெல்லாம் தெரிய, பாட்டோடு, அவருடைய வரப்பின் மேல். என் போனில் அதற்குக் கீழே யார் யார் பார்த்தார்கள் என்று ஒரு பட்டியல் வரும், தெரியுமில்லையா. அதில் மேலே இருந்த பெயர் அத்தையுடையதுதான். காலையில் எழுந்ததும் ஊர் ஸ்டேட்டஸ் எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் அவர் காபியே குடிப்பார்.

"மூணு ரவுண்டு. எண்ணிட்டேன்" என்றார். பிறகு அப்பா பக்கம் திரும்பி, "மம்பட்டியால வெட்டுனா ஊரு கேக்கும்னு சைக்கிளால வெட்டுறீங்களா?"

எங்கள் பக்கத்தில் ஒருவனைக் குடிகாரன் என்று சொல்லலாம், கோள்சொல்லி என்று சொல்லலாம், அவன் சிரித்துக்கொள்வான். ராத்திரியில் வரப்பை வெட்டித் தண்ணீர் திருடினான் என்று மட்டும் சொல்லக் கூடாது. அப்பா வாயில் நுரையோடு நின்றார். நான்தான் ஓட்டினேன், அப்பாவுக்குத் தெரியவே தெரியாது, அது ஈரம் என்று எனக்கும் தெரியாது என்று நான் என்னென்னவோ சொன்னேன்.

எல்லோரும் வயலுக்குப் போனோம். வரப்பின் நடுவில் ஒரு கோடு, அதன் இரு மருங்கும் ரப்பர் பல் பதிந்த அழகான அச்சு. நான் வழுக்கிச் சமாளித்த இடத்தில் ஒரு முழ அகலத்துக்கு வரப்பே இல்லை. அந்தப் பக்கம் அத்தை வயலில் பயிர் தொடை தெரிய நிற்கிறது. இந்தப் பக்கம் எங்கள் வயல் ததும்புகிறது. உடைப்புக்கு அடியில் ஒரு வளை தெரிந்தது. நான் உடனே பிடித்துக்கொண்டேன்.

"அத்தை, இது நண்டு வளை."

"நண்டா ஸ்டேட்டஸ் போட்டுச்சு?" என்றார்.



தீர்ப்பு அங்கேயே சொல்லப்பட்டது. ஒன்று, போன தண்ணீர் திரும்பி வர வேண்டும். அப்பா மறுபேச்சில்லாமல் தண்ணீர் இறைக்கும் ஆயில் இன்ஜினைக் கொண்டு வருவதாகச் சொன்னார். இரண்டு, வரப்பை நான்தான் அடைக்க வேண்டும், அண்ணன் கை வைக்கக் கூடாது. மூன்று, உரத்தண்ணீர் இரண்டு ராத்திரி முழுசாக நின்ற பிறகுதான் எங்கள் மடை திறக்கும். ஒரு விரற்கடை குறைந்தாலும் இரண்டு ராத்திரிக் கணக்கு மறுபடி முதலிலிருந்து.

நாலாவது ஒன்றும் இருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்து அத்தை சுவரில் சாத்தியிருந்த சைக்கிளைக் கொம்பைப் பிடித்து இழுத்தார். "அடுத்தவ வயல்ல மேஞ்ச மாட்டைப் புடிச்சுக் கட்டுறதுதானே வழக்கம். இதுவும் மேஞ்சிருக்கு." நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையாட்டினார். வழக்கம் வழக்கம்தானே. அத்தை தெருவழியாக அதை மாட்டை ஓட்டுகிற மாதிரி தள்ளிக்கொண்டு போனார். ஸ்டாண்டு இல்லாததால் அது அவர் தொழுவத்தில் நிற்க மறுத்திருக்கிறது. கழுத்தில் கயிறு போட்டு, பசுவுக்குப் பக்கத்துத் தூணில் இறுக்கிக் கட்டிவிட்டதாகச் சேதி வந்தது.

மத்தியானம் இன்ஜின் ஓடி, தண்ணீர் மேலே ஏறியது. அத்தை விட்டுக்கொடுப்பவர் இல்லை, அப்பாவும் குறைத்துக் கொடுப்பவர் இல்லை. வந்ததெல்லாம் போகட்டும் என்று இன்ஜினை நிறுத்தாமல் விட்டார். கடைசியில் எங்கள் வயலில் சேறு மட்டும் மின்னியது. ஆடிக்காற்று அதையும் நக்கிக்கொண்டிருந்தது. ஆற்றில் அப்போது முறைத்தண்ணீர். சில நாள் விடுவார்கள், சில நாள் அடைப்பார்கள். எங்கள் வாய்க்காலுக்குப் புதன்கிழமை சாயங்காலம் அடைப்பு. செவ்வாய் காலை மடை திறந்தால் வயல் நிறையும். புதன் காலை திறந்தால் எப்படியோ நனைந்துவிடும். அதையும் விட்டால் அடுத்த முறை வருவதற்குள் இருபது நாள் பயிர் வெடிப்பில் நிற்கும். இதை அப்பா எனக்குச் சொல்லவில்லை. சாப்பிடும்போது அம்மாவிடம் சொன்னார், எனக்குக் கேட்கிற மாதிரி.

இன்ஜின் ஓடுவதற்கு முன், காலையிலேயே வரப்பைப் பூசியிருந்தேன். இரண்டு மணி நேரம். எனக்குக் கைவேலை நன்றாக வரும் என்று ஒரு எண்ணம். உடைப்பில் சேற்றை அப்பி, பல் அச்சையெல்லாம் நிரவி, மேலே தண்ணீர் தொட்டு மெழுகிவிட்டேன். போட்டோ எடுக்கலாம் போல இருந்தது. எடுக்கவில்லை. தண்ணீர் ஏறி முடிந்ததும் அத்தை ஒரு குச்சியில் கரியால் கோடு போட்டு, தண்ணீர் மட்டத்துக்குச் சரியாகத் தன் வயலில் நட்டுவிட்டுப் போனார்.

திங்கள் காலை கோட்டுக்கு இரண்டு விரல் கீழே தண்ணீர். என் பூச்சு அப்படியே அழகாக இருந்தது, தண்ணீர் அதைத் தொந்தரவு செய்யாமல் அடியில் போயிருந்தது. அத்தை குச்சியைப் பிடுங்கி என் கையில் கொடுத்தார். அப்பா மறுபடி இன்ஜினைத் தயார் செய்தார்.

டீக்கடைக்குப் போன அப்பா அன்று டீ குடிக்காமலே திரும்பி வந்தார். பிறகு அம்மா சொன்னாள். சைக்கிளில் வந்து தண்ணீர் ஏற்றிக்கொண்டு போகிறார்களாமே, கேரியர் இல்லாமல் எப்படி என்று ஒருவர் கேட்டாராம். நல்ல ஜோக்தான். வேறு யார் வீட்டைப் பற்றியாவது என்றால் நானே இரண்டு நாள் சொல்லிச் சிரித்திருப்பேன். இதற்கிடையில் எங்கள் வயலில் அந்த ஒரு ராத்திரி யூரியா தன் வேலையைக் காட்ட ஆரம்பித்திருந்தது. வரப்போரத்துப் பயிர் கரும்பச்சையாகத் திரண்டு, போகிற வருகிறவரெல்லாம் நின்று பார்க்கிற மாதிரி. "வயலு பச்சையாக ஆக என் மூஞ்சி கறுத்துக்கிட்டு வருது" என்றார் அப்பா. என்னிடம் அந்த மூன்று நாளில் அவர் நேராகச் சொன்னது அது ஒன்றுதான்.

மேனேஜரிடம் லீவு கேட்டேன். வரப்பு உடைந்துவிட்டது என்று காரணம் சொன்னேன். அவர் வடக்கத்திக்காரர், எந்த எலும்பு என்று தெரியாவிட்டாலும் ஓய்வெடுக்கச் சொன்னார்.

இந்தத் தடவை மேலே பூசவில்லை. முழங்கால் சேற்றில் இறங்கி, உள்ளங்கையை வரப்பின் அடியில் வைத்துத் தடவிக்கொண்டே போனேன். ஓர் இடத்தில் தண்ணீர் விரலை மெல்ல உள்ளே இழுத்தது. ஒன்று இல்லை, மூன்று. என் சக்கரம் அழுத்திய அழுத்தில் பழைய நண்டு வளைகளெல்லாம் வாயைத் திறந்துகொண்டிருந்தன. நேற்று நான் மெழுகிய அழகை நானே மம்பட்டியால் வெட்டிப் போட்டேன். கெட்டித்தரை தட்டும்வரை தோண்டி, வளையில் களிமண் உருண்டையைத் திணித்து, காலால் மிதித்து, மேலே இன்னொரு அடுக்கு வைத்து, மறுபடி மிதித்து. குதிகாலால் மிதிக்க வேண்டும் என்பது பாதி வரப்பு முடிந்த பிறகு தெரிந்தது. முதல் பாதியைப் பிரித்து மறுபடி மிதித்தேன்.

அத்தை எதிர்வரப்பில் குத்துக்காலிட்டுக் களை பிடுங்கிக்கொண்டே நேர்முக வர்ணனை கொடுத்தார். என் மிதியைப் பார்த்தால் மண்ணுக்குக் கூச்சமாக இருக்குமாம். பெங்களூரில் மண் கிடையாதா என்று கேட்டார். சைக்கிள் ஏதாவது சாப்பிடுகிறதா, வைக்கோல் போட்டுப் பார்த்தேன், மோந்துகூடப் பார்க்கவில்லை என்றார். மூன்று மணிக்கு ஒரு தூக்குவாளியில் மோர் வந்தது. வாளியை வரப்பில் வைக்காதே, இறங்கிவிடும் என்றார். குடித்தேன்.

சாயங்காலம் அப்பா இறங்கிய தண்ணீரை இன்ஜினால் ஏற்ற, அத்தை குச்சியை மறுபடி நட்டார். செவ்வாய் காலை தண்ணீர் கோட்டில் நின்றது. நான் அன்று நாலு முறை போய்ப் பார்த்தேன். மத்தியானம் ஒரு முடி அளவு இறங்கிய மாதிரி இருந்தது. வெயில் குடித்ததா, வளை குடித்ததா என்று தெரியாமல் மறுபடி வரப்பின் அடியில் கையை வைத்துத் தடவினேன். எங்கள் வயலில் நடுவில் பிளவு விடத் தொடங்கியிருந்தது. விரலை விட்டுப் பார்த்தேன், முதல் கணு வரை போயிற்று. ரேஸ் வீடியோ எதுவும் அன்று பார்க்கவில்லை.

புதன் காலை விடிந்தும் விடியாமலும் போனபோது அப்பா எனக்கு முன்னால் அங்கே நின்றார். குச்சிக்குக் கிட்டே போகாமல், தள்ளி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு. அத்தை வயலுக்குள் இறங்கிக் குனிந்து பார்த்தார். அவர் முதுகுதான் எங்களுக்குத் தெரிந்தது. அந்த முதுகை நான் பார்த்த மாதிரி எந்தத் தேர்வு முடிவையும் பார்த்ததில்லை. கோட்டுக்கு அரை விரற்கடை கீழே இருந்தது தண்ணீர். அத்தை தலைநிமிர்ந்து காற்றைப் பார்த்தார், வெயில் வரப்போகிற பக்கத்தைப் பார்த்தார். பிறகு வரப்பை முழுக்க நடந்து வந்தார், நான் மிதித்த இடத்தில் நின்று தன் குதிகாலால் ஒரு மிதி மிதித்தார். அசையவில்லை.

"காத்து குடிச்சது கணக்குல இல்ல" என்றார்.

வாய்க்கால் பக்கத்து மடையை முதலில் திறந்தார். பிறகு எங்கள் மடையில் வைத்திருந்த களிமண்ணை மம்பட்டியால் இரண்டு கொத்து. தண்ணீர் முதலில் நுரையும் சருகுமாக எட்டிப் பார்த்தது. பிறகு பிளவுகளுக்குள் விழுந்து காணாமல் போய்க்கொண்டே இருந்தது. வயல் குடிக்கிற சத்தம் கேட்டது. அப்பா உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணே, அன்னைக்குக் காலையில கேட்டிருக்கலாம்லன்னு ஒரு வார்த்தை சொன்னேன்ல. அதை மனசுல வச்சுக்காதீங்க" என்றார் அத்தை, தண்ணீரைப் பார்த்துக்கொண்டே.

அப்பா எழுந்து வேட்டியை உதறினார். பிறகு, அடுத்த மேலுரத்துக்கு வேப்பம்புண்ணாக்கு நானே இடித்துத் தருகிறேன் என்றார். அவ்வளவுதான். டீக்கடைக்கு அன்று அத்தை தன் மொபெட்டில் போய், வரப்பை உடைத்தது நண்டு வளைதான், அந்தப் பொண்ணு அடைத்த வரப்பு என் வரப்பைவிடக் கெட்டி என்று சொல்லிவிட்டு வந்ததாகப் பிறகு தெரிந்தது. நண்டு என்று நான் சொன்னபோது ஒப்புக்கொள்ளாதவர்.

சாயங்காலம் சைக்கிளை மீட்கப் போனேன். மூன்று நாளில் அது ஒரு குடும்பஸ்தனாகியிருந்தது. சீட்டில் கோழி எச்சம். ஹேண்டில்பாரில் சுற்றியிருந்த பட்டையைப் பசு ஒரு பக்கம் முழுக்க நக்கியே பிரித்திருந்தது. என் கை வியர்வை உப்பு அதற்குப் பிடித்திருக்கிறது. மெக்கானிக் பாஷையில் இது எந்த வாரண்டியிலும் வராது. கயிற்றை அவிழ்த்த அத்தை, கொஞ்சம் இரு என்று சொல்லிவிட்டுப் பசுவின் பக்கம் போனார். அதன் கழுத்திலிருந்து வெண்கல மணியைக் கழற்றி வந்து, கெடாக்கொம்பின் நடுவில் நூல்கயிற்றால் மூன்று முடிச்சுப் போட்டுக் கட்டினார். பெரிய மணி, ஒரு சிறிய சொம்பு அளவு.

"இனிமே இது என் வரப்புல கால் வச்சா எனக்குக் கேக்கணும்" என்றார்.

வெள்ளைக்காரர்கள் இதைக் கையில் வைத்து ஆட்டுவதைச் சொல்லலாமா என்று ஒரு நிமிஷம் வாய்வரை வந்தது. சொல்லவில்லை. அவர் கேரியர் எங்கே என்று மறுபடி கேட்க ஆரம்பித்திருந்தார். கேரியர் மட்டும் இருந்தால் கடைத்தெருவுக்குத் தன்னையும் ஏற்றிக்கொண்டு போகலாமாம். ஆளை ஏற்றாத சைக்கிளை எந்த மடையன் செய்தான் என்றார்.

ஏறி ஒரு மிதி மிதித்தேன். மணி கணீரென்றது. தெருவே திரும்பியது. தொழுவத்தில் அந்தப் பசுவும், மணியில்லாத கழுத்தைத் திருப்பி, நான் தெருக்கோடி போகிற வரை பார்த்துக்கொண்டே நின்றது.